தேங்காய் விழுந்த கேமரா பை

அந்தப் பையை நான் வாங்கியதற்கு முதல் காரணம் என் தோள்பட்டை. இரண்டாவது காரணம் என் மனைவியின் தம்பி. இரண்டில் எது பெரிய காரணம் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும்.

பீளமேட்டில் நானும் அவனும் சேர்ந்து கல்யாணப் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். இருபது வருடமாகக் கறுப்பு முதுகுப் பையைச் சுமந்ததில் என் வலது தோள் கெட்டுப்போனது. இனியும் பாரம் தூக்கினால் கையை உயர்த்தவே முடியாது என்றார் டாக்டர். அதைக் கேட்ட மச்சினன் அன்று சாயந்திரமே ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் மெத்தை வைத்த ஒரு சுழல் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான்.

"ஆல்பம் வேலையெல்லாம் இனி நீங்க பாத்துக்கோங்க மாமா. மண்டபத்துக்கு நான் போய்க்கறனுங்க."

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவனை வெளியே தள்ளுவதும் இப்படி 'ங்க' போட்டுத்தான். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு சொல்லியிருப்பேன். தாலி கட்டும்போது மேடையில் நிற்காதவன் போட்டோக்காரனே இல்லை என்பது என் கட்சி. அந்த நாற்காலியில் உட்காருவதில்லை என்று முடிவு செய்தேன்.

அதற்கு எனக்குத் தேவைப்பட்டது ஒரு சின்னப் பை. பெரிய பை இருந்தால் இடம் இருக்கிறதே என்று எதையாவது திணிக்கத் தோன்றும். ஒரு கேமரா, இரண்டு லென்ஸ், ஒரு பேட்டரி, அதற்கு மேல் கொள்ளக் கூடாது. இடது தோளில் மாட்டினால் இடுப்போடு ஒட்டி நிற்க வேண்டும். காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். கூப்பிடாமலேயே மச்சினனும் வந்தான்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு நைலான், ஜிப் வைத்தது. மச்சினன் அதைத் தடவிப் பார்த்து, அழுக்குத் தெரியாது, ஜிப் இருப்பது பத்திரம், இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டே போனான். இன்னொன்று சந்தன நிறத்தில் கெட்டியான கேன்வாஸ். ஜிப் கிடையாது, மேலே ஒரு மடிப்பு மட்டும். பார்க்காமலேயே கையை விட்டு லென்ஸை எடுக்கலாம், சத்தமும் வராது. நான் அதன் மேல் கை வைத்தேன்.

"தாம்பூலப் பையாட்ட இருக்குதுங்க மாமா" என்றான்.

அவன் சொன்னது சரி என்று எனக்கும் அப்போதே தெரிந்தது. அதனாலேயே அதை வாங்கினேன்.

இரண்டு மாதம் அந்தப் பையோடு ராஜா மாதிரி திரிந்தேன். தோள் வலிக்கவில்லை. சுழல் நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தேன், அவன் கண்ணில் படட்டும் என்று.

பிறகு பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து கூட்டம் கிளம்பிக்கொண்டிருந்தது. தாலி கட்டிய படங்கள் இருந்த கார்டைக் கழற்றிப் பையில் போட்டேன். லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணியை மடித்து மேலே வைத்தேன். அப்போது பெண் வீட்டார் வாசலில் நின்று ஒரு குடும்பப் படம் கேட்டார்கள். காலையிலிருந்து நின்ற அலுப்பில் பையைப் பக்கத்திலிருந்த நாற்காலியில் வைத்துவிட்டுப் போனேன். அது தாம்பூலம் கொடுக்கும் மேசையின் நாற்காலி. அந்த வீட்டில் பிளாஸ்டிக் கூடாது என்று எல்லோருக்கும் கொடுத்ததும் சந்தன நிறத் துணிப்பைதான்.

திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. மேசையருகே நின்ற மாப்பிள்ளையின் சித்தியிடம் கேட்டேன். நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் ரவிக்கைத் துணி வைத்த பை என்று அவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்.

"மஞ்ச ரவிக்கைத் துணி இருந்துச்சுங்க, தேங்காயத்தான் காணோம். மறந்துபோட்டாங்களாட்ட இருக்குதுன்னு ஒரு காயப் போட்டு ஈரோட்டு அத்தைக்குக் குடுத்துபோட்டனுங்க" என்றார்.

முகூர்த்தம் முழுக்க அந்தக் கார்டில்தான் இருந்தது. ஈரோட்டுக்காரர்களின் வேன் கிளம்பிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. விஷயம் காதில் விழுந்ததும் மச்சினன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பைக்கை எடுத்தான். துடியலூர் தாண்டி வேனை மறித்திருக்கிறான். முக்கால் மணி நேரத்தில் பையோடு வந்து நின்றான். கார்டு பத்திரமாக இருந்தது. தேங்காய் விழுந்த இடத்தில் லென்ஸின் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது.

மண்டபமே எங்களைச் சுற்றி நின்றது. அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டட்டும், கடையில் சொன்னதைச் சொல்லிக் காட்டட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். சண்டை போட்டிருந்தால் நானும் நிமிர்ந்து நின்றிருப்பேன். அவனோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் பின்னால் போட்டான்.

"ஒண்ணும் ஆகலீங்க மாமா. நீங்க உக்காருங்க."

இத்தனை பேர் முன்னால் என்னை அவ்வளவு மரியாதையாக யாரும் அறைந்ததில்லை. உட்கார்ந்தேன். மறுநாள் காலை ஸ்டுடியோவுக்கு வந்து, யாரும் சொல்லாமலேயே சுழல் நாற்காலியின் உறையையும் பிரித்தேன். அவனை அன்று வெறுத்த அளவுக்கு வாழ்க்கையில் யாரையும் வெறுத்ததில்லை. அவன் எனக்குக் கெடுதல் எதுவும் செய்யவில்லை என்பது அந்த வெறுப்பை இன்னும் கூட்டியது.

போன வாரம் அன்னூரில் ஒரு கல்யாணம். கிளம்பும்போது அவன் தன் கறுப்புப் பையை அலமாரியில் வைத்துவிட்டு என் கேன்வாஸ் பையை எடுத்து மாட்டிக்கொண்டான். தையல்காரரிடம் கொடுத்து அதற்கு ஒரு ஜிப் வைத்திருந்தான்.

"பை நல்லா அடக்கமா இருக்குதுங்க மாமா. உங்க செலக்‌ஷன் செலக்‌ஷன்தானுங்க" என்றான்.

நான் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியைத் திருப்பவில்லை. போயிட்டு வர்றனுங்க என்று வாசலில் சொன்ன குரலுக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். திரையில் அவன் எடுத்த படத்தில் கல்யாணப்பெண்ணின் கன்னத்தில் ஒரு பரு இருந்தது. அதை அழித்துக்கொண்டிருந்தேன்.