நீலத் தலைக் கம்புகள்

மாமாவின் கடப்பாரை இன்னமும் அந்தப் பேரூராட்சி ஆபீஸ் காம்பவுண்டுக்குள்தான் கிடக்கிறது. வாலாஜாபாத் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெரியும். சுவரோரம், உடைந்த குப்பை வண்டிக்குப் பக்கத்தில், துருவேறிக் கிடக்கும். அவர் கையில் இருந்தவரை அதன் முனை வெள்ளியாய் மின்னும். ஆயுத பூஜைக்கு அதற்குத்தான் முதல் சந்தனம். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. எரிச்சல் அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்றிருந்தேன். அடங்குகிற வழியாகத் தெரியவில்லை.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். பேனர் கட்டுவது தொழில். அச்சடித்த ஃப்ளெக்ஸை மரச்சட்டத்தில் அடித்து, சாலையோரம் குழி போட்டு, சவுக்குக் கம்பு நட்டு நிறுத்துவார். கல்யாணமோ, காதுகுத்தோ, கண்ணீர் அஞ்சலியோ, உத்திரமேரூருக்கு இந்தப் பக்கம் எங்கள் கூட்டுரோட்டில் அவர் போட்ட குழிதான். தன் கம்புகள் மற்றவர்களுடையதோடு கலந்துவிடக் கூடாது என்று தலைப்பக்கம் நீலப் பெயிண்ட் பூசி வைத்திருந்தார். வேலை முடிந்தால் மண் கையோடு என் டீக்கடைக்கு வருவார். அஞ்சலி பேனரைக் காட்டி, "செத்தவன் எப்டி சிரிச்சிக்கினு கீறான் பாரு மச்சான். பேனருக்குப் போனாத்தான் மனுசனுக்குக் கவல வுடுது" என்பார். பெஞ்சில் இருப்பவர்களுக்கு அன்றைய பேச்சுக்கு அது போதும்.

பிறகு ரூல்ஸ் வந்தது. அனுமதி வாங்க வேண்டும், அனுமதி எண்ணை பேனரின் அடியில் அச்சடிக்க வேண்டும் என்றார்கள். நல்ல ரூல்ஸ்தான். வளைவை மறைத்து நின்ற பேனரால் என் கடை வாசலிலேயே வண்டிகள் முட்டியிருக்கின்றன. ஆனால் மாமாவின் கைக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஏரிக்காற்று கிழித்துவிடாமல் இருக்க, அடி விளிம்பைச் சட்டத்துக்குப் பின்னால் மடித்து ஆணி அடிப்பார். அனுமதி எண் அந்த மடிப்புக்குள் போய்விடும். அவர் அதை யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

அந்த வைகாசியில் ஒரே காலையில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு பேனர் நட்டார். இந்தப் பக்கம் இருந்தது ஒரு விவசாயி வீட்டு மஞ்சள் நீராட்டு. அந்த மனுஷன் நடையாய் நடந்து அனுமதி வாங்கியிருந்தார். எதிரே ஒரு கட்சிப் பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணம். பின்னணியில் உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டு மண்டபம், முன்னால் வரிசையாக முகங்கள். நம்பர் எங்கே என்று மாமா கேட்டதற்கு, "அண்ணன் மூஞ்சிதான் நம்பரு, நீ குழியப் போடு" என்று சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் யாரோ புகார் சொல்லி, ஆபீஸ் ஜீப்பும் டிராக்டரும் வந்தன. வந்தவர்கள் நேராக மஞ்சள் நீராட்டு பேனரைச் சாய்த்தார்கள். குடித்துக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு ஓடிய மாமா, ஆணியைப் பிடுங்கி மடிப்பைப் பிரித்துக் காட்டினார்.

"நம்பர் கீது சார், இதோ பாருங்க."

அதிகாரி குனிந்து படித்தார். "யார் மடிச்சது?"

"நான்தான் சார்."

"அப்ப மறைச்சது நீதான்."

மாமா எதிர்ப்பக்கம் கையை நீட்டினார். "அதுல மடிப்புக்குள்ளயும் இல்லியே சார்."

அதிகாரி கழுத்தைத் திருப்பவே இல்லை. அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். விவசாயி ஓடிவந்து கெஞ்சியும் கேட்கவில்லை. மாமாவின் கம்பு, கடப்பாரை எல்லாம் டிராக்டரில் ஏறின. மாமா ஜீப்பில் ஏறினார். அந்த ‘நாளைக்கு’ இன்றுவரை வரவில்லை. கல்யாண பேனரை ஆடிக் காற்றுதான் கிழித்தது. ஆபீஸை விடக் காற்றுக்கு நேர்மை அதிகம்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "குழி போட்டவன் மேல கேசு, மூஞ்சி போட்டவன் மேல மாலை. நல்லா கீது நைனா உங்க ரூல்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அதன்பின் கடப்பாரையைக் கேட்டு அலைந்தார். அது வழக்குச் சொத்து, யாரும் தொடக்கூடாது என்றார்கள். வேறு வாங்கித் தருகிறேன் என்று நான் சொன்னதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"வேற வாங்கினா நான் மறைச்சேன்னு ஒத்துக்கினா மாதிரி ஆயிடும் மச்சான். அவங்க கையால எடுத்தத அவங்க கையாலயே குடுக்கணும்."

கொடுக்கவில்லை. வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லுக்கு வாட்ச்மேனாகப் போனார். கூட்டுரோடு வழியாக வருவதை விட்டுவிட்டார். போன தை மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டார். வழக்கு மட்டும் சாகவில்லை. ஒரு அஞ்சலி பேனர் வைக்கலாம் என்று தெருப்பிள்ளைகள் வந்து நின்றார்கள். அக்கா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள், "கம்பு யாருடா நடுவாங்க?"

போன வாரம் அந்த ஆபீஸ் வாசலில் பஸ் நின்றது. புதிதாக ஒரு பேனர் வைத்திருந்தார்கள். அனுமதியின்றி பேனர் வைப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைத் தாங்கி நின்ற சவுக்குக் கம்புகளின் தலையில் நீலப் பெயிண்ட். யாரும் தொடக்கூடாத வழக்குச் சொத்து. இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தேன். அடி விளிம்பை மடிக்காமல்தான் அடித்திருந்தார்கள். அனுமதி எண் என்று எதுவும் இல்லை. நிமிர்ந்தபோது, இரண்டு கம்புகளுக்கும் நடுவே, சுவரோரம் கடப்பாரை கிடந்தது.