கன்னியம்மாவின் தலையில் ஊற்றிய தண்ணீர்

கன்னியம்மாவின் தலையிலிருந்து எப்போதும் கருவாட்டு வாசனை வரும். விளக்கெண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய சடையாக இருந்தாலும் சரி, வெள்ளிக்கிழமை சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாலும் சரி, அந்த வாசனைதான் முதலில் எங்கள் வாசலுக்கு வரும், அவள் பிறகுதான் வருவாள். "கருவாட்டு மூட்டையைக் கட்டிப் புரண்டுட்டு வந்தியா?" என்று என்னை முகர்ந்து பார்த்து அம்மா திட்டுவாள். எனக்கோ அந்த வாசனை இல்லாத நாள் ஏதோ சாப்பிடாமல் விட்ட நாள் மாதிரி இருக்கும்.

ராயபுரத்தில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், மாதா கோயிலுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் இடத்தில் மேஸ்திரி. சாயங்காலம் அவர் திரும்பும்போது கண்ணும் பல்லும்தான் வெளுப்பாகத் தெரியும். கன்னியம்மாவின் வீடு கடலோரக் குப்பத்தில். அவள் அம்மா அஞ்சலை எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவாள். இரண்டு அம்மாக்களும் கூடையை நடுவில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் நாங்கள் இருவரும் ஒரு ஆட்டம் ஆடி, ஒரு சண்டை போட்டு, ராசியாகியும் விடுவோம். எங்களுக்கு அப்போது பத்து வயது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்களுக்கு ஞானோபதேச வகுப்பு. கன்னியம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். மாதாவை நோக்கிச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தை நான் பாடம் செய்ய மூன்று வாரம் ஆயிற்று. வெளியில் நின்றவள் இரண்டே வாரத்தில் தடுமாறாமல் சொன்னாள். எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

ஒருநாள் அவளே கேட்டாள். "ஏ ரோசி, உங்க மாதா என்னையும் சேத்துப்பாங்களா?"

"அதுக்குத் தலைல தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் வாங்கணும்டி. உங்க நைனா வுடுமா?"

"நைனா வுடாது. நான் பெரிசானா நானே வரேன். நீதான் என்னை இட்டுகினு போவணும், இன்னா?"

பெரிய மனுஷி மாதிரி நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் ஒரே பெருமை. ஒரு ஆத்துமத்தை மோட்சத்துக்குக் கூட்டிப்போகும் வேலை என் கைக்கு வந்துவிட்டதல்லவா!

அந்த வருஷம்தான் கன்னியாஸ்திரி அம்மாள் எங்களுக்கு அந்தப் பாடத்தை நடத்தினார். ஞானஸ்நானம் பெறாத ஒருவர் சாகக் கிடந்தால், சாமியார் வந்து சேர நேரமில்லாவிட்டால், யார் வேண்டுமானாலும் அதைக் கொடுக்கலாம், சிறுபிள்ளைகூடக் கொடுக்கலாம் என்றார். ஒரு மரப்பாச்சியை மேசைமேல் கிடத்தி, ஒவ்வொருத்தியையும் அழைத்துப் பழக்கினார். தண்ணீர் தலையில் ஓட வேண்டும், அது ஓடும்போதே மந்திரத்தைச் சொல்ல வேண்டும், இரண்டில் ஒன்று தவறினாலும் செல்லாது. அவர் பச்சைக் குழந்தைகளைப் பற்றித்தான் பேசினார். விவரம் தெரிந்தவர்களுக்கு எப்படி என்று சொன்னாரோ, சொல்லவில்லையோ. சொல்லியிருந்தாலும் எனக்குக் காதில் விழுந்திருக்காது, என் கண்ணெல்லாம் மரப்பாச்சிமேல்தான் இருந்தது. அதன்பின் பல நாள், சாகக் கிடப்பவர் யாராவது அகப்பட மாட்டார்களா என்று தெருவெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தேன். அப்படி ஒரு மூடம் நான்.

பங்குனி வெயிலில் குப்பத்தில் பெரியம்மை கண்டது. பத்து நாளாக அஞ்சலையைக் காணோம். வேறொரு மீன்காரம்மாள்தான் வந்து சொன்னாள்: "அஞ்சல பொண்ணுக்கு ஆத்தா வந்துகீறா. இன்னிக்கோ நாளைக்கோன்னு கீது." அம்மா கூடையருகிலேயே உட்கார்ந்து அழுதாள். "தங்கமான பொண்ணாச்சே, ஞானஸ்நானம் இல்லாமப் போகப்போகுதே" என்று அவள் தனக்குத்தானே புலம்பியது என் காதில் விழுந்தது. அதற்குமேல் எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. அம்மை குத்திய தழும்பு என் கையில் இருந்தது, ஆகையால் பயமில்லை. செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உச்சிவெயிலில் குப்பத்துக்கு ஓடினேன்.

அம்மை கண்ட வீடு அந்த ஜனங்களுக்குக் கோயில். வாசலில் வேப்பிலை செருகியிருக்கும், அயலார் நுழையக்கூடாது, படுத்திருப்பது பிள்ளையல்ல, ஆத்தாளே. அவள் மனம் குளிர்ந்து இறங்கும் வரை காத்திருந்து, நாள் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அதற்கு முன் ஒரு சொட்டுக்கூடத் தலையில் படக்கூடாது. இது எனக்குத் தெரியாததல்ல. ராயபுரத்தில் பிறந்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் போனேன்.

அஞ்சலை வேப்பிலை ஒடிக்கப் போயிருந்தாள். வேப்பிலைப் படுக்கையில் கிடந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணிமைகள் வீங்கி மூடியிருந்தன.

"யாரு?"

"நான்தான், ரோசி."

"இன்னா கொண்டாந்துகீற?"

"மருந்து" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையைச் சொன்னால் வேண்டாம் என்பாளோ, அம்மாவைக் கூப்பிடுவாளோ என்ற பயம். பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து என்று சொல்லிக்கொண்டே மூன்று தரம் ஊற்றினேன். கன்னத்தில் வழிந்து வந்ததை அவள் நாக்கால் நக்கினாள். "ஜில்லுன்னு கீதுடி" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அஞ்சலை உள்ளே வந்தாள். ஈரத் தலையையும் என் கையிலிருந்த செம்பையும் பார்த்தாள். "ஐயோ, ஆத்தா தலையில தண்ணி ஊத்திட்டியேடி!" என்று அலறினாள். என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. மகளின் காலடியில் விழுந்து, "தெரியாத புள்ள செஞ்சுட்டா, மன்னிச்சுடு தாயே" என்று எனக்காகத்தான் கெஞ்சினாள்.

கன்னியம்மா பிழைத்தாள். இரண்டு கண்ணும் போய்விட்டன.

பெரியம்மை கண்ணைப் பறிக்கும் நோய்தான், தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பிற்காலத்தில் எத்தனையோ டாக்டர்கள் எனக்குச் சொல்லிவிட்டார்கள். அஞ்சலையிடம் யார் சொல்வது? ஆத்தா கோபித்துக் கண்ணை எடுத்துக்கொண்டாள் என்று அவள் கடைசிவரை நம்பினாள். சில நாட்களில் நானும் நம்பியிருக்கிறேன்.

கண் போன செய்தி வருவதற்கு முன்பே நான் கன்னியாஸ்திரி அம்மாளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அவர் என்னைக் கட்டி அணைத்து, ஞானஸ்நானப் பதிவேட்டில் கன்னியம்மாவின் பெயரை எழுதவேண்டும் என்று பங்குச் சாமியாரிடம் அழைத்துப்போனார். சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பிள்ளையைக் கேட்டாயா?"

"இல்லை சாமி. மருந்து என்று சொன்னேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "விவரம் தெரிந்த பிள்ளை, மகளே. அவள் மனசார வேண்டும் என்று சொல்லாவிட்டால் அது வெறும் தண்ணீர்தான்" என்றார். பெயரை எழுதவில்லை. பெரியவளானதும் தானாக வருகிறேன் என்று சொல்லியிருந்தவளை, அன்று ஒரு வார்த்தை கேட்காமல் நானே தடுத்துவிட்டேன் என்பது அந்த அறையில் நிற்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

சித்திரையில் அவர்கள் குடும்பத்தோடு எண்ணூர்ப் பக்கம், அஞ்சலையின் பிறந்த ஊரான நெட்டுக்குப்பத்துக்குப் போய்விட்டார்கள். வண்டி எங்கள் தெரு வழியாகத்தான் போயிற்று. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

எண்ணூர் ஒன்றும் சீமையில் இல்லை. ரயில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் எனக்கு அங்கே போய்ச்சேரப் பத்து வருஷம் பிடித்தது. வாத்தியாரம்மாள் வேலைக்குப் படித்து முடித்த பிறகு, ஒரு மத்தியானம் போனேன். கழிமுகத்தோரம் குடிசை வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பேசிய முதல் வார்த்தையிலேயே நிமிர்ந்து, "ரோசிதானே? இன்னா, இவ்ளோ நாளு?" என்றாள். அவள் குரலில் கோபமில்லை. கோபித்திருந்தால் தேவலை என்றிருந்தது. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். பிறகு, அன்றே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"கன்னிம்மா, உனக்கு ஞானஸ்நானம் வேணுமா? வேணும்னா நானே இட்டுகினு போறேன்."

அவள் கை இறால் உரிப்பதை நிறுத்தவில்லை.

"வாணாம் ரோசி. அப்ப கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். மருந்துன்னுட்ட. எங்கம்மா அந்தத் தண்ணியவே நெனச்சி நெனச்சி அழுதுகினே செத்துது. இப்ப நான் வந்தா, எங்கம்மாவ வுட்டுட்டு வந்தா மாரி ஆவும்." உரித்த இறாலைச் சட்டியில் போட்டுவிட்டு, "ஒக்காரு, சோறு தின்னுட்டுப் போ" என்றாள்.

அதன்பின் அவள் இருந்தவரை அடிக்கடி போனேன். அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவள் இறந்த சேதி எனக்கு நாலு நாள் தாமதமாகத்தான் வந்தது. ஆற்றோர மணலில் அவர்கள் வழக்கப்படி புதைத்திருந்தார்கள்.

இன்று ராயபுரத்தில் அவர்கள் குடிசை இருந்த மணல் இல்லை. கடல் அரித்துக்கொண்டு போனது போக, பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். நெட்டுக்குப்பத்துக்கு மேலே மின்நிலையத்துப் புகை நிற்கிறது. பெரியம்மையே உலகத்தில் இல்லாமல் ஒழிந்துவிட்டது என்கிறார்கள்; வாசலில் செருகிய வேப்பிலைக்கு அர்த்தம் கேட்கிறார்கள் என் பேரப்பிள்ளைகள். போன வாரம் ஆத்துமாக்கள் திருநாள் பூசைக்கு, இறந்தவர்கள் பெயரை எழுதிக்கொடுக்கக் கோயிலுக்குப் போயிருந்தேன். அப்பா, அம்மா, என் வீட்டுக்காரர் பெயர்களை எழுதிக்கொண்ட, சாமியாருக்கு உதவியாக இருக்கும் கோயில்பிள்ளை, அடுத்த பெயரில் நின்றுவிட்டார்.

"கன்னியம்மாங்கிறீங்களே டீச்சரம்மா, ஞானஸ்நானப் பேரு இன்னா?"

"அது இல்லை. அவளைக் கேட்டேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்."

அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.