மாமன் இலையில் ஊற்றிய ரசம்

உங்கள் அம்மாவுக்குக் கை உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தபோது மாமன் நம் வீட்டில் சாப்பிட்டாரா இல்லையா என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அன்றைக்குப் பெரியவள் சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தாள், சின்னவன் ட்யூஷன் போயிருந்தான். நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். எனக்குப் பிடிபடவில்லை.

மாமன் நம் படியேறிச் சில வருடம் ஆகியிருந்தது. குலதெய்வக் கோயிலில் நாம் கிடாய் வெட்டிய அன்று முதல் பந்திக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அம்மா கூப்பிட்டிருப்பாள் என்று நான் இருந்தேன், நான் கூப்பிட்டிருப்பேன் என்று அம்மா இருந்தாள். தாய்மாமன் கொஞ்ச நேரம் பந்தலுக்கு வெளியே நின்று பார்த்தார். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அவருக்குக் கிட்னி கெட்டு, சேலத்துக்கு டயாலிசிஸ் போய் வருகிறார் என்பதே ஊரார் சொல்லித்தான் தெரிந்தது. பார்க்கப் போனோம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவர், தங்கைக்குக் கை உடைந்தது என்றதும் பார்க்க வருகிறார் என்று மாமன் வீட்டு அத்தையிடமிருந்து காலையில் போன். "ஒண்ணும் செய்ய வேண்டாங்ண்ணா. பாத்துட்டு ஒடனே கெளம்பிருவோம்."

அம்மா சிரித்தாள், அழுதாள். அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, எங்கண்ணன் கை நனைக்காமப் போயிட்டாருன்னா மனசுல இன்னும் வெச்சிருக்கார்னு அர்த்தம். இனி இந்தப் பக்கமே வரமாட்டார். எப்படியாச்சும் ரெண்டு வாய் சாப்புட வெச்சிருங்க."

எனக்குத் தெரிந்தது லாரிச் சமையல். ரோட்டோரம் ஸ்டவ்வைப் பற்றவைத்து அரிசி, பருப்பு, தக்காளி, கிடைத்த காய் எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு இறக்கினால் எனக்கும் கிளீனருக்கும் அதுதான் சாப்பாடு. இன்னாருக்கு இன்னது என்று பிரித்துச் சமைத்ததே இல்லை. அன்றைக்கு அடுப்படியில் நின்றபோது தலை சுற்றியது. சர்க்கரைக்குக் கம்பும் கீரையும் கொள்ளும் நல்லது என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மாமனுக்கோ கீரையும் கொள்ளும் ஆகாது. அவருக்கு வெள்ளைச் சோறு ஆகும், அம்மாவுக்கு அதைக் குறைக்க வேண்டும். வந்தவருக்குக் கொடுக்கலாம் என்று இளநீர் வெட்டி வைத்திருந்தேன். பெரியவளே, நீ போனில் கத்தியது நினைவிருக்கிறதா? "அப்பா, எளநி கூடவே கூடாது! தக்காளியும் போடாதீங்க. காயச் சின்னதா நறுக்கி, நெறையத் தண்ணில வேக வெச்சு, தண்ணிய வடிச்சுக் கொட்டிருங்க."

"கொட்டிட்டா அப்பறம் அதுல என்ன சாமி இருக்கும்?"

"ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னுதாம்ப்பா கொட்டறது. காயில இருக்கற பொட்டாசியம் அந்தத் தண்ணில எறங்கிரும், கிட்னி கெட்டவங்களுக்கு அது ஆகாது."

புரிந்த மாதிரிதான் இருந்தது. முட்டை வெள்ளைக்கருவும் கொடுக்கச் சொன்னாய். ஊரெல்லாம் முட்டை லாரி ஓடுகிற நாமக்கல் பக்கத்தில் நம் வீட்டில் மட்டும் முட்டை வாங்குவதில்லை, சின்னவனுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று. அதனால் பழைய லாரி ஸ்டவ்வை வேப்பமரத்தடியில் வைத்து, தனிச் சட்டியில் முட்டை அவித்தேன். சுரைக்காயும் பீன்ஸும் நீ சொன்னபடியே வேகவைத்து வடித்தேன்.

பதினொரு மணி வாக்கில் வந்தார்கள். மாமன் பாதியாகியிருந்தார், கால் மட்டும் வீங்கியிருந்தது. அம்மா இடது கையில் சொம்பைப் பிடித்து, மாவுக்கட்டுப் போட்ட வலது கையையும் மரியாதைக்கு அதில் ஒட்டிக்கொண்டு, "தண்ணி குடிங்கண்ணா" என்றாள். அவர் வாங்கிப் பார்த்தார். குடிக்காமல் அத்தையிடம் கொடுத்துவிட்டார். அம்மா முகம் செத்துவிட்டது.

"தண்ணி அளவுதானுங்க அவுங்களுக்கு," என்றார் அத்தை. நான் நம்பினேன், அம்மா நம்பவில்லை.

"கையாச்சும் நனைச்சுட்டுப் போங்க மச்சான்" என்று நான் கெஞ்சினேன். "எதுக்குங்க மாப்ள செரமம்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். எனக்கு உயிர் வந்தது. இலை போட்டுச் சோறு, காய், வெள்ளைக்கரு வைத்தேன். ரசம் ஊற்றினேன். தக்காளி கிடையாது. மிளகு, சீரகம், பூண்டு, மஞ்சள், பேருக்கு உப்பு. அவர் பிசைய ஆரம்பித்தார்.

அத்தை ரசத்தில் ஒரு சொட்டை உள்ளங்கையில் வாங்கி வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, "தக்காளியே இல்லாம இவ்வளவு ருசியா எப்படிங்ண்ணா?" என்றார்.

"காய் வெந்த தண்ணிங்க. வடிச்சது அப்படியே இருந்துது, அதை எதுக்குக் கொட்..."

சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. வெந்த தண்ணீரை நம் வீட்டில் யாரும் கொட்டியதில்லை. கொள்ளு வெந்த தண்ணீரும் ரசத்துக்குத்தான், பருப்பு வெந்த தண்ணீரும் ரசத்துக்குத்தான். என் கை பழக்கத்தில் அதையே செய்திருக்கிறது. காயிலிருந்து எதை எடுத்துக் கீழே கொட்டச் சொன்னார்களோ, அதை மொத்தமாக அவர் இலையில் ஊற்றியிருக்கிறேன்.

மாமன் முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனார். குனிந்து இலையைப் பிடித்து இழுத்துவிட்டேன். ரசம் முழுக்க அவர் வேட்டியில்.

கையில் கவளத்தோடு என்னைப் பார்த்தார். "அன்னைக்குப் பந்திக்குக் கூப்படல. இன்னைக்குக் கூப்புட்டு ஒக்கார வெச்சு எலையப் புடுங்கறீங்க. நல்ல மொறைங்க மாப்ள."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அம்மா, "அவுருக்கு ஒண்ணும் தெரியாதுங்ண்ணா" என்று அழுதாள். நான் கிட்னி, தண்ணி, லாரி என்று என்னென்னவோ உளறினேன். அவர் கவளத்தை ஓரமாக வைத்துவிட்டு, "செரி, அந்த முட்டையக் கொண்டாங்க" என்றார்.

வேறு இலை போட்டேன். ஒரு வெள்ளைக்கரு முழுசாக, இன்னொன்றில் பாதி, காயில் ஒரு பிடி. சோற்றைத் தொடவில்லை. கை கழுவி, என் வேட்டியைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

சோறு தொடாததால் கை நனைத்ததாகாது என்கிறாள் அம்மா. ரசம் பிசைந்த கைதானே அது என்கிறேன் நான். வாயில் போகவில்லையே என்கிறாள். போகவிடாமல் தடுத்ததே நான்தானே, அது எந்தக் கணக்கில் வரும்?

அவர் வேட்டியை அம்மா இடது கையாலேயே துவைத்து, மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறாள். மஞ்சள் கறை முழுக்கப் போகவில்லை. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு என்னுடையதை வாங்கி வருகிறேன் என்று இரண்டு தடவை கிளம்பினேன். "நீங்க போகாதீங்க. அவரே வந்து வாங்கிக்கட்டும்" என்று நிறுத்திவிட்டாள். போவது மரியாதையா, போகாமல் இருப்பது மரியாதையா என்று எனக்குத் தெரியவில்லை.