தோணிரேவில் அழித்த கோடு

ஈர வலையின் வாடையும் சாக்பீஸ் தூளும் சேர்ந்தால் ஒரு தனி மணம் வரும். எண்பதுகளின் தொடக்கத்தில், பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவுப் பள்ளிக்கூடத்தில் அதை முதன்முதலாக முகர்ந்தேன். ஊர் மீனவர்கள் முன்னால் என் முதல் பொதுச் சொற்பொழிவு...

அப்போது நான் கல்லூரியில் தற்காலிக வரலாற்று விரிவுரையாளர். அந்த ஏரியின் மீன்பிடிப்பு பற்றிய என் ஆய்வேடு முடிந்த மாதிரிதான். அடுத்த மாதம் கொடுத்துவிட்டால் வேலை நிரந்தரம். தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

பழைய ஆவணங்களில் பார்த்தபடி கரும்பலகையில் ஏரியை வரைந்து, குறுக்கே ஒரு கோடு போட்டேன். இந்தப் பக்கத்துத் தண்ணீர் உங்கள் ஊருக்கு, அந்தப் பக்கம் அடுத்த ஊருக்குச் சொந்தம் என்றேன்.

முன்வரிசை சிரித்தது.

இறால் வலை போடும் ஏழுமலை எழுந்தார். என் வயதுதான் இருக்கும்.

"இன்னா டீச்சரம்மா, தண்ணில கோடு போட்டுக்கினு... எறா புடிக்கிற எடம் யாருக்கும் சொந்தம் கெடையாது. சீட்டு போட்டு மொற வெச்சிருக்கோம். பாடுனு சொல்லுவோம். இன்னிக்கு நல்ல எடத்துல என் பாடு, நாளிக்கு அந்த ஊர்க்காரன் பாடு. நீங்க எழுதனத படிச்சிட்டு ஒரு ஆபீசரு வந்து ஏரிய பிரிச்சி குட்த்துட்டா, நாங்க இன்னா பண்றது?"

கோபம் வந்தது, மறைப்பானேன். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சேலைத் தலைப்பாலேயே கோட்டை அழித்தேன்.

அந்த அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டேன். ஊர் ஊராகப் போய், பாடு முறையைக் கேட்டு எழுத இன்னும் இரண்டு வருஷம். நிரந்தர வேலை வேறொருவருக்குப் போனது. அன்று அழுதேன்தான்... ஆனால் கோட்டை அழித்ததற்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

போன வாரம் பல்கலைக்கழகத்தில் அந்த ஆய்வுக்குத்தான் விருது. ஏசி ஹால், பொன்னாடை, பெரிய ஸ்கிரீன். ஒரு மணி நேரம் பேசினேன், நன்றாகவே பேசினேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை... எனக்கென்னவோ சப்பென்று ஆகிவிட்டது.

படியிறங்கும்போது ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்தாள்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. சுண்ணாம்புக்குளம் ஊரு பாடு பத்தி நீங்க எழுதனது சரியில்லனு தோணுது. எங்க நைனா அங்க வலை போட்டவரு..."

பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்தேன்.

"உக்காரும்மா. இன்னிக்கு உன் பாடு. சொல்லு."