ஆஷ்பிட் என்ற பெயர் தங்கிய விதம்

பெற்றவர் தெரியாத குழந்தைக்கு அது கிடந்த இடமே குடும்பப்பெயர் என்பது ஹோம்ஸ்பி ஊர் வழக்கம். தாமார் கிடந்தது ரொட்டிக்கடைக்குப் பின்னால், அடுப்புச் சாம்பல் கொட்டும் குழியில். சாம்பலில் சூடு மிச்சமிருந்ததால் பிழைத்தாள்.

"பாவம், பேக்கர்னு வெச்சிடலாமே," என்றாராம் ரொட்டிக்கடைக்காரர்.

"உன் தொழில் பேரைக் குடுத்தா ஊரு உன்னையே அப்பன்னு சொல்லும். பரவாயில்லையா?" என்று கேட்டார் மாதாகோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு எழுதும் கோயில்பிள்ளை ஒபதியா கிரேக்.

ரொட்டிக்கடைக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கிரேக் சிரித்துக்கொண்டே 'ஆஷ்பிட்' என்று எழுதினார். சாம்பல்குழி. அதற்கு முன் அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

தாமார் வளர்ந்து பால்பண்ணையில் வெண்ணெய் கடையும் வேலைக்குச் சேர்ந்தாள். சந்தைக்குப் போனால், "ஏ சாம்பலு, பாவாடையை உதறாதடி, கண்ணுல விழுது!" என்பார்கள். ஆணாக இருந்தால் இந்தப் பெயரோடுதான் புதைப்பார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் வரைக்கும்தான் என்று பொறுத்திருந்தாள். அந்தப் பெயரைத் தன் வாயால் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வண்டிச் சக்கரம் செய்யும் சைலஸ் பெல்லமி அவளைக் கேட்டபோது சைலஸையும் அவளுக்குப் பிடித்திருந்தது. பெல்லமி என்ற பெயரை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தது.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். முதல் ஞாயிறு அவள் பெயர் வந்ததும் பின்வரிசையில் களுக்கென்று ஒரு சத்தம். இரண்டாம் ஞாயிறு பெண்களும் சிரித்தார்கள். தாமார் பொருட்படுத்தவில்லை. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்தது என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். அந்த வாரம் அவள் படுக்கும் பண்ணைப் பரணுக்குச் சைலஸ் ஏறி வந்தபோது அவள் கதவைச் சாத்தவில்லை.

மூன்றாம் ஞாயிறு விடிந்தபோது ரொட்டிக்கடைக் குழியிலிருந்து பெல்லமி வீட்டு வாசல்வரை சாம்பலால் கோடு இழுத்திருந்தது. வாசற்படியில் கந்தல் சுற்றிய ஒரு முட்டைக்கோஸ், குழந்தை மாதிரி. மனைவியை அடிப்பவனை அவமானப்படுத்த அவன் வாசலில் பதரைக் கொட்டுவது அந்த ஊரில் உண்டு. சாம்பல் கொட்டியது அதுதான் முதல் தடவை.

"குழியில பொறுக்கினதையா வீட்டுக்குள்ள கொண்டாரப் போற?" என்றாள் சைலஸின் அம்மா எஸ்தர்.

"ஊரு விளையாடுதும்மா."

"ஆமா, விளையாட்டுதான். நீ சாகுற வரைக்கும் விளையாடுவாங்க."

கோயிலில் பாதிரியார் ஓலையை வாசித்துவிட்டு, தடை சொல்ல யாருக்காவது காரணம் உண்டா என்று வழக்கம்போலக் கேட்டார். சைலஸ் எழுந்தான். சிரித்தவர்களை அதட்டத்தான் எழுகிறான் என்று நினைத்துத் தாமார் முகம் மலர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நான் தடை சொல்றேன்," என்றான்.

"மாப்பிள்ளையே தடை சொன்னா எப்படிப்பா? என்ன காரணம்?"

"எனக்கு வேணாம். அவ்வளவுதான்."

பின்வரிசையில் எவனோ சாம்பல் மூக்கில் ஏறியதுபோலப் பெரிதாகத் தும்மினான். கோயிலே சிரித்தது. பாதிரியார் புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

அடுத்த வசந்தத்தில் தாமார் கைக்குழந்தையோடு ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றாள். சைலஸ் தன் புது மனைவியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான், மாவுமில்காரர் மகள்.

"புள்ளைக்கு என்ன பேரு?" என்றார் கிரேக்.

"பெல்லமி."

முன்வரிசையில் எஸ்தரின் முதுகு விறைத்தது.

"முதல் பேரா வெச்சுக்கோ, தடுக்க முடியாது. அப்பன் இல்லாத புள்ளைக்குக் குடும்பப்பேரு ஆத்தா பேருதான். அதைச் சொல்லு."

"நீங்க வெச்சதுதானே ஐயா. உங்களுக்குத் தெரியாதா?"

"காது மந்தம் தாயி. சத்தமா சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவள் சொன்னாள். இரண்டாவது முறையும் சொல்லச் சொன்னார். சொன்னாள்.

பையன் ஓடியாடும் வயதில், தினமும் சாயங்காலம் சக்கரப் பட்டறை எதிரே நின்று, "பெல்லமி! டேய் பெல்லமி!" என்று கூப்பிடுவாள். உள்ளே சுத்தியல் ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி அடிக்கும். பையன் வேறெங்கோ விளையாடிக்கொண்டிருப்பான். தெருவே வேடிக்கை பார்க்கும், அவமானமெல்லாம் பையனுக்குத்தான். விவரம் தெரிந்ததும் அந்த முதல் பெயரை அவன் விட்டொழித்தான். யார் கேட்டாலும், "ஆஷ்பிட்," என்பான். ஆஷ்பிட் என்று கூப்பிட்டால்தான் திரும்புவான். பெல்லமி என்று கூப்பிட்டால் அம்மாவுக்கும் திரும்புவதில்லை.

அவனுடைய கல்யாண ஓலையை மூன்று ஞாயிறும் வாசித்தார்கள். ஊருக்குப் பழகிவிட்டது, யாரும் சிரிக்கவில்லை.

கல்யாணம் முடிந்த அன்று மருமகள் ஹன்னா ஓடிவந்து தாமாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே நானும் ஆஷ்பிட்தான் அத்தை! பொறக்கப் போற புள்ளைங்க எல்லாமே ஆஷ்பிட்!"

தாமார் கையை உருவிக்கொண்டாள்.

"போய்க் கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடு," என்றாள்.