காந்தம் இழுத்த வயிறு

2006 கோடையில் பெரம்பலூர்க் கல்லூரி ஒன்றில் ஆய்வக உதவியாளராக இருந்தேன். ஒருநாள் வெயிலில் வந்த வேகத்தில், மேசைமேல் குடுவையில் இருந்த தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டேன். பிறகுதான் பக்கத்தில் இருந்த கறுப்புப் பொடி கண்ணில் பட்டது. அது நானோ இரும்புப் பொடி. தண்ணீரில் கலந்தால் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். காந்தம் வைத்தால் அழுக்கோடு ஒதுங்கும். தனித்துகள் கண்ணுக்கே தெரியாது என்று மாணவி கவிதா சொல்லியிருந்தாள்.

தெரியாத அது இப்போது என் குடலில் இருந்தால்? அங்கிருந்த காந்தத்தை எடுத்துச் சட்டைமேல் வைத்தேன். டக்கென்று ஒட்டியது. கையை எடுத்தும் விழவில்லை. மனைவி வெள்ளைப் புடவையில் நிற்பதுபோல் தெரிந்தது.

கவிதா உள்ளே வந்தாள்.

"குடுவைத் தண்ணியக் குடிச்சுட்டேம்மா! வயிறு காந்தத்த இழுக்குது பாரு!" என்று அலறினேன்.

காலிக் குடுவையைப் பார்த்து வெளிறியவள், "சட்டையத் தூக்குங்கண்ணே" என்றாள். அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த பீரோ சாவியைக் காந்தம் கவ்வியிருந்தது.

"அதுல பொடிய எடுத்தாச்சுண்ணே. இருந்தாலும் ஏரித் தண்ணி, டாக்டரப் பாத்துடுவோம் வாங்க."

மருத்துவமனை வரிசையில், "பொழச்சுக்குவனாம்மா?" என்று பத்துமுறையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொன்னாள். ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான், "அந்தத் தண்ணி எதுக்கும்மா?" என்று கேட்கத் தோன்றியது.

"திருச்சிக்கு டெஸ்ட்டுக்கு அனுப்ப வச்சிருந்தேண்ணே. மூணு வார வேலை. விடுங்க, திரும்பப் பண்ணிக்கலாம்."

அன்று நான் அலறியதை எத்தனையோ பேரிடம் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இந்தக் கடைசிப் பேச்சை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.