கந்தோரின் ஒற்றைச் சங்கு

விடத்தல்தீவிலிருந்து மன்னாரிலுள்ள அரசாங்கக் கந்தோருக்கு நான் போனது மூன்றாம் தடவை. வீட்டுத்திட்டப் பட்டியலில் பதிந்த என் பெயர் இரண்டு முறையும் காணாமற்போயிருந்தது.

கணினிக்குப் பொறுப்பானவர் மெலிந்த, கண் சிவந்த மனிதர்.

"ரெண்டுபேர் ஒரே நேரத்தில பட்டியலைத் திறந்து சேவ் பண்ணினா, முந்திப் பண்ணினவற்ற பதிவு அழிஞ்சுபோகும். ஒராள் திறந்தா சேர்வர் மற்றவைக்குப் பூட்டவேணும். பூட்டுதில்லை. அதால ஒரு சங்கு வச்சிருக்கிறம். சங்கு ஆரிட்ட இருக்கோ, அவர்தான் திறக்கலாம்."

"இப்ப ஆரிட்ட?"

"லீவில நிக்கிற கிளாக்கர் பிள்ளை மறந்துபோய்க் கைப்பையோட கொண்டுபோயிட்டா. வீடு உப்புக்குளத்தில."

எனக்கு எரிச்சல் வந்தது. "மன்னாரில சங்குக்கோ பஞ்சம்? வேறொண்டை வையுங்கோவன்."

சைக்கிள் பூட்டுத் திறப்பை எடுத்தபடி அலுப்போடு பார்த்தார்.

"அப்ப ரெண்டு சங்காயிடுமே, அண்ணை."

மத்தியான வெயிலில் மிதித்துப் போனார். சங்கில்லாமலே திறந்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள் என்று இன்னும் யோசிக்கிறேன்.